குமிழிக்குள் ஒரு லேசர்



1888ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி பிராக் நகரிலிருந்து ஒரு கடிதம் கிளம்பியது. எழுதியவர் ஃப்ரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர். கேரட்டிலிருந்து கொலஸ்ட்ரால் வகைப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவரிடம் இருந்த ஒரு சேர்மம் இரண்டு முறை உருகியது. 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலை என்றுதான் அன்றைய வேதியியல் சொல்லிக்கொடுத்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டிருக்காமல், படிகங்களை நுண்ணோக்கியில் பார்ப்பதில் கைதேர்ந்த ஓட்டோ லேமான் என்ற ஜெர்மானியருக்கு மாதிரியோடு விவரம் எழுதி அனுப்பிவிட்டார் அவர். இன்று பல திரைகளில் வேலை செய்யும் நீர்மப் படிகத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் சி. வி. ராமன் பிறந்தார்.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருபுறம் மென்மையான பொருட்களின் இயற்பியல், மறுபுறம் ஒளியைக் கொண்டு பொருளின் உள்ளே பார்க்கும் கலை என்று இரண்டு ஓடைகள் பிறந்த ஆண்டாக 1888ஐச் சொல்லலாம். அவை கலக்கும் இடத்தில் இன்றைய இளைஞர் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வு செய்ய என்னென்ன வழிகள் உண்டு என்பதே இந்த உரையின் பொருள்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்தத் துறைக்கு 'மென்பொருள் அறிவியல்' என்று பெயர் வைத்தால் பாதி மாணவர்கள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே 'மென்பருப்பொருள்' என்று கொஞ்சம் வாய் வலிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் தமிழ் கைகொடுக்கிறது. பள்ளி வேதியியல் புத்தகத்தில் வரும் கூழ்மம், பால்மம் என்ற சொற்கள் அடுக்களையிலிருந்து போனவை. ஆடி மாதக் கூழ், தயிர், புளித்துப் பொங்கிய தோசை மாவு, டவராவில் ஆற்றிய காப்பியின் நுரை, கோந்து, பற்பசை எல்லாமே மென்பருப்பொருட்கள். திடம் என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது. சின்னத் தூண்டுதலுக்குப் பெரிய மாற்றம் காட்டுபவை. கரண்டி நகரும்போது மாவு இளகுகிறது, கரண்டி நின்றதும் கெட்டிப்படுகிறது. இதைப் பாட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் அப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

1991இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரர் பியர்-ஜீல் து ஜென் தன் பரிசு உரைக்கு 'மென்பருப்பொருள்' என்றே தலைப்பு வைத்தார். அமேசான் காட்டுப் பழங்குடிகள் ரப்பர் பாலைக் காலில் பூசிக்கொண்டு, அது இறுகியதும் பூட்ஸாகப் போட்டுக்கொண்டு நடந்ததை அதில் எடுத்துக்காட்டினார். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மிகச் சிறிய அளவில்தான் வினைபுரிகிறது. அவ்வளவு சிறிய தலையீட்டிலேயே ஓடுகிற பால் காலணி ஆகிவிடுகிறது. ஆனால் அதே ஆக்ஸிஜன் பிறகு ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டவும் தொடங்குவதால் பூட்ஸ் நெடுநாள் உழைக்கவில்லை. ஆக்ஸிஜனுக்குப் பதில் கந்தகத்தைப் போட்டு 1839இல் அந்தக் குறையைத் தீர்த்தவர் சார்ல்ஸ் குட்இயர்.

இந்தத் துறையில் இந்தியாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஓர் இடம் உண்டு. பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் 1971இல் ஒரு நீர்மப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். இவர் ராமனின் சகோதரி மகன். ஒளியியலில் தன் பெயரால் ஓர் அலைக்கட்டத்தையே (phase) விட்டுச்சென்ற பஞ்சரத்தினத்தின் அண்ணன். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய இன்னொரு எஸ். சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவரும் ராமனுக்கு உறவுதான் என்பதால் குழப்புபவர்களை ரொம்பவும் குறைசொல்ல முடியாது. அதுவரை நீர்மப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் அடுக்கி வைத்த நாணயங்களைப் போல நின்று நீர்மப் படிகம் ஆகும் என்று சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும் 1977இல் காட்டினார்கள். அந்தக் கட்டுரை வெளியானது வெளிநாட்டுப் பத்திரிகையில் அல்ல, பெங்களூரிலிருந்து வரும் 'பிரமாணா'வில். எங்கே அச்சானது என்பதைவிட எது அச்சானது என்பதுதான் நிற்கும் என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி. தட்டு வடிவ நீர்மப் படிகங்களால் ஆன மெல்லிய படலங்கள், திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் கெடாமல் இருக்கப் பின்னாளில் பயன்பட்டன.

முனைவர் பட்டத்துக்கான கேள்வி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்குச் சிகாகோ பல்கலைக்கழகக் கதை ஒன்று உண்டு. காப்பித் துளி மேசையில் காய்ந்தால் கறை ஏன் விளிம்பில் மட்டும் கருப்பாக வளையம் போடுகிறது? தினமும் பார்க்கிற காட்சி. அங்கே மாணவராக இருந்த ராபர்ட் டீகன் உள்ளிட்ட ஆறு பேர் 1997இல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள். துளியின் விளிம்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. விளிம்பில் நீர் ஆவியாக ஆவியாக, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. ஓடிவரும் நீர் காப்பித் துகள்களையும் அள்ளிவந்து கரையில் கொட்டிவிடுகிறது. 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யுங்கர் என்ற ஆய்வு மாணவரும் சகாக்களும், துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் வளையமே விழாது என்று காட்டினார்கள். அச்சு மை, பெயிண்ட் என்று பரப்பில் துளியைக் காயவிடும் எல்லாத் தொழிலுக்கும் இது பயன்படும் செய்தி.

இனி ஒளியின் பக்கம். உயிர்-ஒளியியல் என்ற பெயர் புதிதாக ஒலிக்கலாம். அதன் கருவி ஒன்றைக் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோம். ஆக்ஸிமீட்டர் விரலுக்குள் இரண்டு ஒளிகளைச் செலுத்துகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் அவற்றை வேறுவேறு அளவில் விழுங்குகின்றன. அந்த விகிதத்திலிருந்து 98 என்றோ 91 என்றோ எண் வருகிறது. இதை உருவாக்கிய ஜப்பானியர் டகுவோ அயோயாகி முதலில் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. காது மடலில் ஒளி பாய்ச்சி இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொல்லையை ஒழிக்கப் பார்த்தவர், அந்தத் தொல்லைக்குள்ளேயே தகவல் இருப்பதைக் கண்டுகொண்டார். 1974இல் தன் முறையை அறிவித்தார். அந்தக் கருவி உலகத்துக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வு வந்தது. கருவி நல்ல எண்ணைக் காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையர்களைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்றது அது. தோலின் மெலனினும் ஒளியை விழுங்குகிறது. கருவியை அளவுசெய்த காலத்தில் அதைப் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. மாநிறமும் கருமையுமாக ஒரு முழுச் சமூகமே வாழும் நிலத்தில் ஒளி ஆய்வு செய்யப் புகும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்குமா? வெளிநாட்டு ஆய்வகம் எடுத்துவிட்ட தலைப்பை இங்கே ஒருமுறை திருப்பிச் செய்வதே ஆய்வு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது.

ராமனின் கொடை இன்னும் நேரடியானது. 1928 பிப்ரவரியில் அவரும் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட சிதறலில், சுமார் கோடியில் ஓர் ஒளித்துகள்தான் நிறம் மாறித் திரும்புகிறது. அந்த ஒற்றைத் துகளில் மூலக்கூறின் கைரேகை இருக்கிறது. லேசர் வந்த பிறகு அந்த ரேகையை உயிருள்ள திசுவிலேயே படிக்க முடிகிறது. புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில் நவி மும்பையின் டாட்டா நினைவு மைய ஆய்வகத்தில் இந்த வழியில் வாய்த் திசுவை ஆராய்ந்திருக்கிறார்கள். கத்தி வைக்காமல், ஒளியால் தொட்டு நோயை அறிவது நோக்கம். சொல்வது எளிது. திசுவே தானாக ஒளிர்ந்து அந்த மெல்லிய ராமன் குறியை மூழ்கடித்துவிடும். பல ஆய்வேடுகளின் பாதிப் பக்கங்கள் இந்தச் சண்டையிலேயே தீர்கின்றன.

ஒளி பார்க்க மட்டுமல்ல, தொடவும் செய்யும். காலில் தைத்த முள்ளைச் சாமணத்தால் எடுப்பதுபோல, குவித்த லேசரால் ஒரு நுண்ணுயிரைப் பிடித்து நிறுத்தலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் காட்டினார். 1970இல் தொடங்கிய வேலை, 1986இல் ஒற்றைக் கற்றைப் பொறியாக முதிர்ந்தது. பச்சை லேசரில் பிடிபட்ட பாக்டீரியாக்கள் செத்துப்போயின. அகச்சிவப்புக்கு மாற்றியதும் பிடியில் இருந்தபடியே பெருகின. செல்லுக்குள் சுமை தூக்கிச் செல்லும் கைனெசின் புரதம் ஓர் அடிக்கு 8 நானோமீட்டர் நடக்கிறது என்று 1993இல் அளந்ததும் இந்தச் சாமணத்தால்தான். ஆஷ்கினுக்கு நோபல் 2018இல் வந்தது, 96 வயதில்.

ஒளிச் சாமணம் பிடிக்கும் என்றால் இழுக்கவும் செய்யுமா என்று கேட்டவர் ஜெர்மனியின் யோகன் குக். அப்போது அவர் டெக்ஸாஸில் முனைவர் பட்ட மாணவர். எதிரெதிராக இரண்டு லேசர் கற்றைகளுக்கு நடுவே ஒரு செல்லை வைத்தால் அது நசுங்கும் என்றுதான் மனம் சொல்லும். நடந்தது தலைகீழ். ஒளி செல்லுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதன் உந்தம் மாறுவதால் மேற்பரப்பு வெளிப்பக்கமாக இழுபடுகிறது, செல் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பதிலிருந்து செல்லின் மென்மையை அளக்கலாம். புற்றுச் செல்கள் சாதாரணச் செல்களைவிட இளகியவை என்று அவர் குழு 2005இல் இந்த வழியாகக் காட்டியது. ஒளியும் மென்மையும் ஒரே அளவீட்டில் கைகோத்த இடம் அது. குக் இன்று எர்லாங்கனில் ஒளி அறிவியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர்.

இரண்டு ஓடைகளும் கலக்கும் இடத்தைப் பார்க்க ஸ்லொவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள பெரிய ஆய்வகத்தின் பெயர் யோஷெஃப் ஸ்டெஃபான் நிறுவனம். பிளஸ் டூ இயற்பியலில் வெப்பநிலையின் நான்காம் படி என்று மனப்பாடம் செய்த அதே ஸ்டெஃபான்தான். நீர்மப் படிகத்தில் நெடுநாள் பேர்போன இந்த இடத்தில் மத்யாஷ் ஹுமார் என்ற இளைஞரும் சகாக்களும் 2009இல் ஒரு நீர்மப் படிகத் துளியைக் கொண்டு ஒளியைச் சுற்றவைத்தார்கள். பீஜப்பூர் கோல் கும்பஸில் ஒரு மூலையில் கிசுகிசுத்தால் சுவரை ஒட்டியே ஒலி ஓடி எதிர்மூலையில் கேட்கும் அல்லவா, அந்த வித்தைதான். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தைப் பற்றி 1921இல் 'நேச்சர்' இதழில் ராமன் சதர்லாண்டோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். ராமன் கட்டடத்தில் கேட்ட ஒலியின் இடத்தில், ஒரு துளிக்குள் சுற்றும் ஒளியை வைத்துக்கொள்ளலாம். துளியின் அளவோ வடிவமோ இம்மி மாறினாலும் சுற்றும் ஒளியின் நிறம் நகர்ந்துவிடும். மின்னழுத்தத்தால் அந்த நிறத்தை விருப்பம்போல நகர்த்தவும் முடிந்தது.

பிறகு ஹுமார் அமெரிக்காவில் சோக்-ஹியுன் யுன் என்பவரோடு சேர்ந்து 2015இல் அதையே உயிருள்ள செல்லுக்குள் கொண்டுபோனார். செல்லுக்குள் செலுத்திய எண்ணெய்த் துளி லேசராக ஒளிர்ந்தது. துளி எப்படி நசுங்குகிறது என்பதை நிறம் சொல்ல, செல்லின் உள்ளிருக்கும் அழுத்தம் தெரிந்தது. இன்னொரு படி மேலே போய், பன்றித் தோலின் கொழுப்புச் செல்லையே லேசர் ஆக்கிவிட்டார்கள். கொழுப்புத் துளி இயல்பிலேயே உருண்டையாக இருப்பதால் சாயம் ஏற்றினால் போதும். தொப்பைக்கு இப்படியும் ஒரு கௌரவம்.

2024இல் ஹுமாரும் ஸாலா கொரெஞ்சாக்கும் சோப்புக் குமிழியையே லேசர் ஆக்கிக் காட்டினார்கள். ஒளி குமிழியின் நடுக்கோட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் சோப்புக் குமிழியில் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் படலத்தின் தடிமன் மாறி நிறமாலை தள்ளாடும். ஆகவே மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் ஒருவகை நீர்மப் படிகத்தில் குமிழி ஊதினார்கள். அது உடையாமல் நிலைத்தது. சுற்றுப்புற அழுத்தத்தின் மிகச் சிறிய மாற்றத்தையும் காட்டிக்கொடுத்தது. குழந்தைகள் தெருவில் ஊதும் பொருளிலிருந்து ஓர் அழுத்தமானி கிடைத்திருக்கிறது.

இது விளையாட்டுப் புத்தி என்று யாராவது முகம் சுளித்தால், அந்தப் புத்திக்கு முன்னோர்கள் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஆர்தர் ஷாவ்லோவும் தியோடர் ஹான்ஷும் கடையில் விற்கும் ஜெல்லி இனிப்புகளை லேசராக்க முயன்றார்கள். பன்னிரண்டு சுவைகளும் தோற்றன. ஜெலாட்டினில் ஒரு சாயத்தைக் கலந்ததும் வேலை செய்தது, 1971இல் கட்டுரையும் ஆனது. இருவரும் பின்னாளில் நோபல் பெற்றவர்கள்.

சரி, கதவு எங்கே, சாவி யாரிடம் என்ற நடைமுறைக் கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் பெங்களூர்தான் இன்னும் தலைவாசல். ராமன் ஆய்வு நிறுவனம், இந்திய அறிவியல் கழகம், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், உயிரியல் பக்கம் சாய்ந்தவர்களுக்குத் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.). இவற்றோடு, சந்திரசேகர் 1991இல் தொடங்கிய நீர்மப் படிக மையம் வளர்ந்து, நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்று துறையின் பெயரையே தாங்கி நிற்கிறது. சென்னையில் ஐ.ஐ.டி.யில் இயற்பியல், வேதிப்பொறியியல் இரு துறைகளிலும் கூழ்ம ஆய்வு நடக்கிறது. தரமணி கணித அறிவியல் நிறுவனம், கையில் கண்ணாடிக் குடுவை பிடிக்காமல் தாளிலும் கணினியிலும் மென்பருப்பொருளை ஆராய விரும்புபவர்களுக்கு உரியது. ஒளியும் மருத்துவமும் என்றால் மணிப்பால் பல்கலைக்கழகமும், லேசர்களுக்கென்றே இருக்கும் இந்தூர் ராஜா ராமண்ணா மையமும் கவனத்துக்குரியவை.

நுழைவுக்குப் பொதுவாகக் கேட்பவை நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள். நெட் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பெற்றோரிடம் கைநீட்டாமல் படிக்கலாம். உதவித்தொகை சில மாதங்கள் தாமதமாக வரும் என்ற முணுமுணுப்பும் ஆய்வு மாணவர் விடுதிகளில் நெடுநாளாகக் கேட்பதுதான். கொஞ்சம் சேமிப்போடு போவது புத்திசாலித்தனம்.

ஐரோப்பாவில் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி பெயரிலான முனைவர் பட்ட வலையமைப்புகளைத் தமிழ் மாணவர்கள் இன்னும் போதுமான அளவு எட்டிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. இதில் குடியுரிமைத் தடை கிடையாது. பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. இங்கிருந்து நேரே போகிறவருக்கு அதுவே சாதகம். மாணவராக அல்ல, சம்பளம் பெறும் பணியாளராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஸ்லொவேனியா 1985 முதல் 'இளம் ஆய்வாளர்' என்ற அரசுத் திட்டத்தை நடத்திவருகிறது. ஜெர்மனியில் யேனாவின் லைப்னிட்ஸ் ஒளித்தொழில்நுட்ப நிறுவனமும், ஸ்பெயினில் பார்சிலோனா அருகேயுள்ள இக்ஃபோ (ICFO) ஆய்வு நிறுவனமும் உயிர்-ஒளியியலில் பெயர்பெற்றவை.

தகுதி பற்றி ஒரு தயக்கம் பரவலாக இருக்கிறது. இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவர் செல் வளர்க்கத் தெரியாதே என்று ஒதுங்குகிறார்; உயிரித்தொழில்நுட்பம் படித்தவர் லென்ஸ் சூத்திரத்தோடு உறவை முறித்துக்கொண்டு வருடங்கள் ஆகின்றன என்கிறார். ரைனிட்ஸர் தாவரவியலாளர் என்பதை இருவருக்கும் நினைவூட்டலாம். நல்ல நேர்காணல் குழு தேடுவது, பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டால் பத்து நிமிடம் யோசித்துப் பேசக்கூடியவரை. கொழுப்புத் துளிகள் எல்லா நிறங்களையும் சிதறடிக்கின்றன. கொழுப்பை எடுத்துவிட்டால் பால் ஏன் லேசாக நீலம் பாய்கிறது? இங்கிருந்து உரையாடல் ஆகாய நீலம் வரை போகலாம்.

முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. கற்றையை நேர்ப்படுத்தவே வாரங்கள் போகும். காற்றுமெத்தை மேல் மிதக்கும் மேசையில் எல்லாம் சரியாக நிற்கும். மறுநாள் ஏசி நின்று அறை சூடேறினால் மறுபடி முதலிலிருந்து. மாதிரியில் ஒரு தூசு விழுந்தால் ஒரு நாள் போச்சு. இதை எரிச்சலாகப் பார்ப்பவர் வேறு துறை தேடுவது நல்லது. அயோயாகியைப் போல அந்தத் தொல்லையை உற்றுப் பார்ப்பவர் தங்கலாம்.

துறையின் கவர்ச்சியைவிட வழிகாட்டியின் குணம் பெரிது. சேர்வதற்கு முன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேச வேண்டும்: சராசரியாக எத்தனை ஆண்டில் பட்டம் கிடைக்கிறது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, கருவி பழுதானால் யார் சரிசெய்வது, பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பார்வையாளர் வரிசையில் கடைசி ஆண்டு முதுகலை மாணவர்கள் பலர் இருப்பது தெரிகிறது. அவர்களுக்கு ஒரே வேண்டுகோள். இந்த வாரமே பிடித்த ஓர் ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். புரியாத ஓர் இடத்தைக் குறித்து, அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் அந்தப் பேராசிரியருக்கு எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப்புகழ் ஆய்வகத்தில்' என்று ஐம்பது பேருக்கு ஒரே அச்சில் அனுப்ப வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து இன்னொரு முறை எழுதுங்கள்.